உப்புத்தண்ணீர்ப் போத்தல்

என்னுடைய படிப்பு ஏழாம் வகுப்பு. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அந்த ஏழாம் வகுப்போடு நான் நான்கு தோல் டொக்டர்மாருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். நான்கு பேரும் ஏதோ ஒரு நாள் நோயாளியின் கையையோ காலையோ நெடுநேரம் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, என் பக்கம் திரும்பி, "நானா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஆட்களிடம் நானா என்றால் அண்ணன். பல்கலைக்கழகம் போய் வந்த எத்தனை பேருக்கு அந்தக் கேள்வி கிடைத்தது என்று விசாரித்துப் பாருங்கள்.

எங்கள் ஆஸ்பத்திரி ஊழியர் சங்கம் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறதாம். செயலாளர் எனக்குப் போன் எடுத்தார். "நானா, இப்ப புது மெசின் ஒண்டு வந்திருக்கு. தோல் துண்டை வச்சா ரெண்டு மணித்தியாலத்தில காசம் எண்டா காசம் எண்டு சொல்லுது. உங்கட காலத்தில என்னண்டு கண்டுபிடிச்சீங்க எண்டு எழுதித் தாங்களன்" என்றார். எழுதுகிறேன் என்றேன். மெசினுக்கு இரண்டு மணித்தியாலம். எங்களுக்கு எட்டுக் கிழமை, இரண்டு மாதம், எடுத்தது. ஒரு பெண்ணுக்கு அதைவிடக் கூட எடுத்தது. அதற்குக் காரணம் நான்தான். அதையும் எழுதத்தான் வேண்டும்.

நான் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியதும் மன்னார்ப் பக்கத்திலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது உடுத்த சாரமும் மேலில் ஒரு சேட்டும்தான் மிச்சம். புத்தளத்து உப்பளத்தில் உப்பு அள்ளினேன். சந்தையில் மூட்டை தூக்கினேன். சிங்களம் படித்தது அங்கேதான். பிறகு ஆஸ்பத்திரியில் நாட்கூலிக்குச் சேர்ந்தேன். கூட்டினேன், கழுவினேன், ட்ரொலி தள்ளினேன், பிரேத அறையில் நின்றேன். புண் கட்டும் அறையில் எட்டு வருடம். அங்கே நான் கட்டிய கட்டு அவிழ்ந்ததென்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. அதைப் பார்த்துத்தான் தோல் கிளினிக்குக்கு எடுத்தார்கள். யாரும் எனக்காகக் கதைக்கவில்லை. என் கைதான் கதைத்தது.

சண்டை முடிந்த பிறகு வந்தவர் நான் சொல்லப்போகும் டொக்டர். நாங்கள் மேடம் என்போம். குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெண், மெலிந்த ஆள், சத்தம் போடத் தெரியாது. செவ்வாய்க்கிழமை கிளினிக். காலையில் வந்தவுடன் ஜன்னலைத் திறப்பார், கை கழுவுவார், "நானா, லைட்" என்பார். அந்த இரண்டு சொல்லைக் கேட்பதற்கென்றே நான் அரை மணித்தியாலம் முன்னதாகப் போய் நிற்பேன். ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் செவ்வாய்க்கிழமை விடிகிறபோது ஏதோ ஓர் இடத்துக்குப் பிந்திப் போகிறவன் போலத்தான் எழும்புகிறேன்.

அவருக்கு ஒரு பழக்கம். நோயுள்ள இடத்தை முதலில் வெறும் விரலால் தொடுவார். கையுறை அதற்குப் பிறகு. முதல் தொடுகையிலேயே அழுத ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், பெரிய மீசைக்காரர்கள்கூட. தொட்டுவிட்டு ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்துத் தோலில் அழுத்துவார். நான் டோர்ச்சைச் சரித்துப் பிடிக்க வேண்டும். அழுத்தினால் இரத்தச் சிவப்பு விலகிவிடும். அடியில் இருப்பது தெரியும். காசம் என்றால் மஞ்சளும் மண்ணிறமும் கலந்த, ஒளி புகும் புள்ளிகள் தெரியும். பயிற்சிக்கு வரும் டொக்டர்மாருக்கு அதை "அப்பிள் ஜெலி நிறம்" என்று சொல்லிக் கொடுப்பார். அப்பிள் ஜெலியை அவர்களும் கண்டதில்லை, நானும் கண்டதில்லை. ஒரு நாள் பொறுக்காமல், "மேடம், அது எங்கட கலியாண வீட்டு முஸ்கத்து நிறம்" என்றேன். வீட்டிலிருந்து அந்த அல்வாவைக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தும் காட்டினேன். அன்றிலிருந்து கண்ணாடியை அழுத்தும்போது அவர் கேட்பார்: "நானா, முஸ்கத் இருக்கா?" பாடப் புத்தகத்தில் இல்லாத அந்த நிறத்தை அந்த அறைக்குள் கொண்டுவந்தவன் நான்.

ஆனால் நிறத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டார். தோலில் வரும் காசம் அப்படிப்பட்டது. நெஞ்சுக் காசம் என்றால் சளியில் கிருமி கூட்டமாக இருக்கும், மைக்கிரஸ்கோப்பில் தெரிந்துவிடும். தோலில் ஒன்றோ இரண்டோதான் ஒளிந்திருக்கும். பார்வைக்குப் படை போல இருக்கும், தொழுநோய் போல இருக்கும், மணல் ஈ கடித்து வரும் புண் போலவும் இருக்கும். கடையில் வாங்கிப் பூசிய கிறீம்கள் அதன் முகத்தையே மாற்றிவிட்டிருக்கும். அதனால் மேடம் அவசரப்பட மாட்டார். "நானா, இது இன்னும் கதைக்க இல்ல" என்பார் தன் தமிழில். நோய் தானாகக் கதைக்கும்வரை அதற்கு ஒரு பேர் எழுத மாட்டார்.

றிஸ்மியா வந்தது அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை. முப்பது வயதிருக்கும். வலது கையை ஒரு லேஞ்சித் துணியால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"கையக் காட்டுங்க" என்றார் மேடம்.

"காட்டத்தானே வந்த. ஆனா பாத்திட்டு மூஞ்சியச் சுழிச்சீங்க எண்டா நான் எழும்பிப் போயிருவேன்."

"நான் சுழிச்சா நீங்க என்ட கதிரையில வந்து இருங்க. நான் அங்க வாறேன்."

றிஸ்மியா சிரிக்கவில்லை. ஆனால் லேஞ்சியை அவிழ்த்தாள்.

புறங்கையிலிருந்து மணிக்கட்டு தாண்டி ஒரு திட்டு. ஒரு பக்கம் ஆறித் தாள் போலச் சுருங்கியிருந்தது. மறுபக்கம் விளிம்பு தடித்துச் சிவந்து முன்னேறிக்கொண்டிருந்தது. மேடம் விரலால் தொட்டார். றிஸ்மியா கையை இழுத்தாள். நோவினால் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் கையை யாரும் தொட்டு எவ்வளவு காலமோ.

கதை இதுதான். ஏழு வருடத்துக்கு முன் மீன் வெட்டும்போது ஓரா முள் குத்திய இடத்தில் ஒரு சின்னக் கட்டி. பார்மசிக்காரர் தந்த கிறீமுக்கு முதலில் வெளுத்தது, பிறகு பெருத்தது. நாட்டு மருந்துப் பரியாரி ஒருவரின் எண்ணெய். இன்னோர் இடத்தில் மணல் ஈ நோய் என்று ஊசி. கருவாடு காயவைக்கும் வாடியில் மீன் வெட்டுகிற வேலை செய்தாள்; யாரோ ஒருவர் "குஷ்டம்" என்று வாய்விட்ட அன்றோடு அந்த வேலை போனது. சண்டை முடிந்து மன்னாருக்குப் போகப் பாதை திறந்ததும் புருஷனின் குடும்பம் சொந்தக் காணிக்குத் திரும்பிப் போனது. புருஷனும் மகளும் மகனும் போனார்கள். மாமியார் வாசலில் வைத்துச் சொன்னாராம்: "உன்ட கைக்கு வந்த வருத்தத்துக்குப் பேரக் கேட்டுக்கொண்டு வா. அதுக்குப் பிறகு என்ட அடுப்படிக்கு வா." றிஸ்மியா கற்பிட்டி வீதியில் ராத்தாவின், மூத்த சகோதரியின், குடிசையில் தங்கிவிட்டாள்.

"எனக்கு மருந்து பிறகு தந்தாலும் பரவால்ல" என்றாள் மேடத்திடம். "பேரச் சொல்லுங்க. பேரோட நான் என்ட பிள்ளைகளிட்ட போகணும்."

மேடம் கண்ணாடியை அழுத்தினார். நான் டோர்ச்சைச் சரித்தேன். "முஸ்கத் இருக்கு" என்றேன். "இருக்கு" என்றார். பஞ்சால் தொட்டுப் பார்த்தார். உணர்ச்சி எல்லாம் சரியாக இருந்தது. அதனால் தொழுநோய் இல்லை என்று அன்றே உறுதியாகத் தெரிந்தது. அவளுக்காக மேடம் ஒரு கடிதம் எழுதினார், இது குஷ்டம் என்கிற தொழுநோய் அல்ல, தொடுவதால் யாருக்கும் வராது என்று. மேடத்தின் ஆங்கிலத்தை எங்கள் ஜசிந்தா மிஸ்ஸி தமிழில் அழகாக எழுதிக் கொடுத்தார். ஜசிந்தா மிஸ்ஸி சிலாபத்துக் கரையைச் சேர்ந்த தாதி. கையெழுத்தும் கூர், வாயும் கூர்.

அந்தக் கடிதம் செய்த வேலையைக் கேளுங்கள். றிஸ்மியா அதை மன்னாருக்கு அனுப்பிவைத்தாள், இரண்டு கிழமையில் எங்களிடம் திரும்பி வந்தாள். "மாமி கடிதத்த வாசிக்கச் சொல்லிக் கேட்டாவாம். குஷ்டம் எண்ட சொல்லு வந்த உடனே காணும், நிப்பாட்டு எண்டாவாம். இல்லாட்டி ஏன் டொக்டர் அந்தச் சொல்ல எழுதுறாங்க எண்டு."

ஜசிந்தா மிஸ்ஸி என்னைப் பார்த்தார். "நானா, அடுத்த கடிதத்தில எயிட்ஸ் இல்ல, பைத்தியம் இல்ல எண்டும் சேர்த்து எழுதுவம். ஒரேயடியா முடிஞ்சிரும்."

மேடம் சிரிக்கவில்லை. அவர் யோசனை வேறு. கண்ணாடியில் தெரிந்தது காசம் போலத்தான். கையில் ஊசி போட்டுப் பார்த்த சோதனையும் நன்றாகத் தடித்தது. நெஞ்சுப் படம் சுத்தம். ஆனால் மீன் முள் குத்திய கை அது. மீனிலும் இறால் தொட்டித் தண்ணீரிலும் ஒரு கிருமி இருக்கிறது, காசக் கிருமியின் ஒன்றுவிட்ட சகோதரன் போல. இரண்டும் தோலில் ஒரே மாதிரித்தான் இருக்கும். துண்டை வெட்டி மைக்கிரஸ்கோப்பில் பார்த்தாலும் ஒரே மாதிரித்தான். மருந்து மட்டும் வேறு. காச மருந்தைக் கொடுத்துப் பார்ப்போம் என்றால் றிஸ்மியாவுக்கு முன்பு ஒரு தடவை மஞ்சள் காமாலை கடுமையாக வந்திருக்கிறது. ஆறு மாத மருந்து ஈரலைத் தாக்கலாம். பிழையான நோய்க்கு அந்த ஆபத்தை எடுக்க மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. கொழும்புக்குத் துண்டு அனுப்பி, கல்ச்சர் என்கிற பெரிய சோதனை செய்தால்தான் இரண்டில் எது என்று தெரியும். எட்டுக் கிழமை எடுக்கும்.

"எட்டுக் கிழமையா" என்றாள் றிஸ்மியா. பிறகு விரலில் எண்ணினாள். "பெருநாளைக்கு முந்தி வந்திரும்."

துண்டு வெட்டுகிற நாளில் தட்டை நான்தான் அடுக்கினேன். அதை என்னைப் போல அடுக்க அந்த ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை. விறைப்பூசி, வட்டக் கத்தி, கொக்கி, தையல் நூல், துணி, எல்லாம் மேடத்தின் கை போகிற ஒழுங்கில் இருக்கும். அவர் தட்டைத் திரும்பிப் பார்க்கவே தேவையில்லை. றிஸ்மியாவின் முழங்கையை நான் பிடித்தேன்.

"நானா, என்ட கையில கிணறு தோண்டுறாங்களா?"

"குழாய்க் கிணறு புள்ள. சின்னது."

"தண்ணி வருமா?"

"நல்ல தண்ணி வரும். கண்ண மூடுங்க."

மேடம் இரண்டு துண்டு எடுத்தார். "நானா, ஒண்டு போர்மலின். மற்றது சேலைன். மாறக் கூடாது" என்றார். போர்மலின் என்பது மூக்கைச் சுடும் மருந்து. துண்டைக் கெடாமல் வைத்திருக்கும். சேலைன் வெறும் உப்புத்தண்ணீர்.

"மாறாது மேடம்" என்றேன். இரண்டு போத்தலிலும் பேர், இலக்கம், நாள் எழுதி ஒட்டினேன். ஏன் ஒன்று இதில், மற்றது அதில் என்று நான் கேட்கவில்லை. என் குணம் அது. ஒரு வேலையைக் கண்ணால் பார்த்தால் கையால் செய்துவிடுவேன். ஏன் என்று கேட்பது தெரியாதவன் செய்கிற காரியம் என்பது என் எண்ணம். அப்படிக் கேட்காமலே இவ்வளவு தூரம் வந்துவிட்டேனே.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாகனம் பழுது. நாளை அனுப்புவோம் என்றார்கள். நான்தான், "என்னிடம் தாங்க, சிலாபத்தில் ரயில் ஏறி மத்தியானத்துக்குள் கொழும்பில் கொடுத்துவிட்டு வருவேன்" என்று வாங்கிக்கொண்டு போனேன். ஒரு ஐஸ் பெட்டி, அதற்குள் இரண்டு போத்தல். ரயில் பாதி வழி போனது. காற்றுக்கு ஒரு தென்னை பாதைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. நின்றது நின்றதுதான். ஒரு மணித்தியாலம், இரண்டு, மூன்று. ரயில் பெட்டியில் சனம், வெயில், மின்விசிறி ஓடவில்லை. ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஐஸ் தண்ணீராகிவிட்டது.

நான் கருவாட்டு வாடியில் பிறந்தவன். என் வாப்பா காய வைத்த கருவாட்டில் ஒரு நாளும் புழு விழுந்ததில்லை. மீனோ இறைச்சியோ, உப்புப் போதாமல் வெயிலில் இருந்தால் பின்னேரத்துக்குள் என்ன ஆகும் என்று எனக்கு ஒரு டொக்டரும் சொல்லித் தரத் தேவையில்லை. சேலைனின் உப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியும், நாக்கில் வைத்தும் பார்த்திருக்கிறேன். கண்ணீர் அளவு உப்பு. அதில் ஒரு நெத்தலியைக்கூடக் காப்பாற்ற முடியாது. போத்தலைத் தூக்கிப் பார்த்தேன். துண்டு அதில் வெளிறிப்போய் மிதந்தது. தண்ணீர் கலங்கிவிட்டது போல எனக்குப் பட்டது. எட்டுக் கிழமைச் சோதனை. இது போய்ச் சேருவதற்குள் நாறிவிடும். அந்தப் பிள்ளை பெருநாளை விரலில் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

மற்றப் போத்தலைத் திறந்தேன். போர்மலினில் பாதியைச் சேலைனுக்குள் ஊற்றினேன். இரண்டையும் இறுக்கி மூடினேன். பக்கத்தில் இருந்த மனுஷி மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போனாள். எனக்கு நெஞ்சு ஆறியது. படித்தவர்கள் மறந்த ஒன்றை நான் கவனித்துவிட்டேன் என்று நினைத்தேன். பின்னேரம் கொழும்பில் கொடுத்தபோது ஐஸ் பெட்டி முழுக்க ஒரே மணம். வாங்கியவர் போத்தலைத் திறக்கவில்லை, ஒட்டியிருந்த இலக்கத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். "துண்டு ஒண்டும் கெட இல்ல" என்று அவருக்குச் சொல்லிவிட்டும் வந்தேன்.

எட்டுக் கிழமை. ஒவ்வொரு செவ்வாயும் றிஸ்மியா வந்தாள், நாள் கொடுக்காமலே. கிளினிக் வாசலில் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பாள். நான் வெளியில் வந்தால் நெற்றியை மட்டும் உயர்த்துவாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினால் எழும்பிப் போய்விடுவாள். நாங்கள் எட்டுக் கிழமையும் அதிகம் கதைக்கவில்லை. ஆனால் அந்த வாங்கில் அவள் இல்லாத செவ்வாயை நான் அந்தக் காலத்தில் கண்டதில்லை.

முதலில் வந்தது போர்மலின் துண்டின் முடிவு. காசமாக இருக்கலாம், அதன் உறவுக்காரனான மீன் கிருமியாகவும் இருக்கலாம். மேடம் எதிர்பார்த்ததுதான். பிறகு பெரிய சோதனை வந்தது. ஒன்றும் வளரவில்லை.

றிஸ்மியாவிடம் மேடம் மெதுவாகச் சொன்னார். இப்படி நடப்பதுண்டு, கிருமி குறைவாக இருந்தால் வராது, யோசித்துச் செய்வோம் என்றார். றிஸ்மியா தன் கையைப் பார்த்தாள்.

"ஒண்டுமில்ல எண்டா வந்திருக்கு?"

"ஒண்டும் தெரிய இல்ல எண்டு."

"மாமியிட்ட போய் இதச் சொல்லவா? ஒண்டும் தெரியாத வருத்தம் எண்டு?"

அன்று அவள் போனபோது லேஞ்சியைச் சுற்றவில்லை. அந்தக் கையை அப்படியே தொங்கவிட்டுக்கொண்டு ஆட்கள் நடுவே நடந்து போனாள். அவர்கள் விலகியதை நான் பார்த்தேன். பெருநாளும் வந்து போனது.

அடுத்த செவ்வாய் அவள் வரவில்லை. பயிற்சி டொக்டர்மார் மூன்று பேர் புதிதாக வந்திருந்தார்கள். மேடம் வேறொரு நோயாளிக்குத் துண்டு எடுத்துக்கொண்டே அவர்களுக்குப் படிப்பித்தார். நான் தட்டோடு நின்றேன். "இது ஏன் சேலைன்?" என்று கேட்டார். ஒருவரும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு தமிழில் சொன்னார், எனக்கும் விளங்கட்டும் என்று: "கிருமி உயிரோட போய்ச் சேரணும். அங்க அதுக்குச் சாப்பாடு குடுத்து வளர்க்கிறாங்க. போர்மலின் பட்டா எல்லாம் செத்திரும், மவுத். பிறகு எட்டுக் கிழமை பாத்தாலும் ஒண்டும் வளராது."

எட்டுக் கிழமையும் கொழும்பில் அவர்கள் தேடுகிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வளர்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

தட்டை வைத்துவிட்டு வெளியில் போய்க் கை கழுவினேன். கடைசி வாங்கு காலியாக இருந்தது. சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. மேடமே இப்படி நடப்பதுண்டு என்று சொல்லிவிட்டாரே. நான்கு டொக்டர்மார் கருத்துக் கேட்ட மனிதன் என்ற பேர் எனக்கு மிஞ்சும். அப்படித்தான் முதலில் நினைத்தேன், மறைக்கவில்லை. ஆனால் மேடம் அடுத்து என்ன செய்வார் என்றும் எனக்குத் தெரியும். வளரவில்லை என்பதை ஓர் அத்தாட்சியாக எடுத்துக்கொண்டு காசத்திலிருந்து தள்ளிப் போவார். அந்தப் பிள்ளைக்கு வேறு ஏதோ ஒரு பேரைத் தேடுவார்.

கிளினிக் முடிந்து எல்லோரும் போன பிறகு சொன்னேன். நின்றுகொண்டு சொன்னேன்.

மேடம் பேனையை வைத்தார். "எத்தன மணிக்கு ஊத்தினது?"

"ஒண்டரை இருக்கும் மேடம்."

"எவ்வளவு?"

"பாதி."

"திரும்ப முதல்ல இருந்து சொல்லுங்க நானா." நான் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் றிஸ்மியாவின் அட்டையில் எழுதினார். ஏச்சு வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"அப்ப அந்த ரிப்போட் ஒண்டும் சொல்ல இல்ல. நாங்க இன்னும் கேக்கவே இல்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நான் உங்களுக்கு ஏன் எண்டு சொல்லி இருக்கணும். நீங்க கேட்டும் இருக்கணும். ரெண்டு பேரும் பிழை. ஆனா அவவுக்கு நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க."

ராத்தாவின் குடிசைக்கு நானே போனேன். றிஸ்மியா வாசலில் சின்ன வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், இடது கையால். நான் நடந்ததைச் சொன்னேன். மீன் வாடி, உப்பு, வெயில், எல்லாம் சொன்னேன். அவளும் மீன் வெட்டியவள்தானே, விளங்கும் என்று ஓர் ஆசை.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்: "அந்த எட்டுக் கிழமையில என்ட மகளுக்குப் பல்லு விழுந்திச்சு நானா. முன் பல்லு ரெண்டும். போனில சிரிச்சுக் காட்டினா. கிட்ட இருந்து நான் காணல்ல."

"மன்னிச்சுக்கொள்ளுங்க புள்ள."

"மன்னிக்கிறது வேற. பல்லு விழுந்தது விழுந்ததுதான்."

அவள் வெங்காயத்தை ஒதுக்கிவிட்டுக் கேட்டாள்: "திரும்ப வெட்டணுமா?"

"ஓம்."

"எப்ப?"

அந்த வாரமே மேடம் எடுத்தார். துண்டு போத்தலுக்குள் விழுந்ததும் றிஸ்மியா கேட்டாள், "இந்தத் தரம் யாரு கொண்டு போற?"

"நானா" என்றார் மேடம்.

ஜசிந்தா மிஸ்ஸி இருமினார். றிஸ்மியா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அப்ப நல்லம். புது ஆள் எண்டா போத்தலத் திறந்து பாத்தாலும் பாப்பாரு. இவரு இனிச் செத்தாலும் திறக்க மாட்டாரு."

நான் திறக்கவில்லை. வாகனத்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கொழும்பு வரை அதன் மூடியில் கை வைத்தபடி போனேன். வழியில் தேத்தண்ணீர் குடிக்கவும் இறங்கவில்லை. உள்ளே ஏதோ உயிரோடு இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் என் கை உணர்ந்தது. நோய்க் கிருமிதான். ஆனாலும் அது சாகாமல் போய்ச் சேர வேண்டும் என்று ஸலவாத்து ஓதிக்கொண்டு போன ஆள் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆறாம் கிழமை முடிவு வந்தது. வளர்ந்திருந்தது. காசம்தான், உறவுக்காரன் இல்லை. மேடம் தாளை என்னிடம் நீட்டினார். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, அவருக்கும் அது தெரியும். ஆனாலும் நீட்டினார், நானும் வாங்கிப் பார்த்தேன்.

றிஸ்மியாவிடம் பேரைச் சொன்னபோது அவள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். "தோல் காசம். தோல் காசம்." பிறகு, "இதுக்குப் போயா" என்றாள். பாதுகாப்புக்காக இரண்டு மாதம் எங்கள் கண் முன்னாலேயே மருந்து கொடுத்தோம். இரண்டு கிழமைக்கு ஒரு தரம் ஈரலுக்கு இரத்தம் எடுத்தோம். ஒரு குழப்பமும் வரவில்லை. தடித்த விளிம்பு ஒவ்வொரு செவ்வாயும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. கண்ணாடியை அழுத்தி "இன்னும் இருக்கா?" என்பார் மேடம்; "குறைஞ்சிருக்கு" என்பேன். அந்த இரண்டு மாதம்தான் என் உத்தியோகத்தில் நான் திரும்பவும் வாழக் கேட்கிற காலம். சம்பள உயர்வு கிடைத்த வருடம் எனக்கு ஞாபகத்தில் இல்லை. அந்த விளிம்பு தாழ்ந்த ஒழுங்கு ஞாபகம் இருக்கிறது.

மிச்ச மருந்தை மன்னாரில் எடுக்கலாம் என்று மேடம் கடிதம் எழுதினார். இந்த முறை நோயின் பேர் மட்டும், மருந்தின் பேர், தொட்டால் வராது, அவ்வளவுதான். இல்லாத நோய் ஒன்றின் பேரும் அதில் இல்லை. றிஸ்மியா புத்தளத்தில் பஸ் ஏறினாள். ஆறு மாதம் முடிந்ததும் கையைக் கடைசியாகக் காட்ட வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். மாமியார் அடுப்படிக்கு விட்டாரா, பிள்ளைகள் கிட்டே வந்தார்களா, ஒரு செய்தியும் இல்லை. மருந்து ஒழுங்காக எடுக்கிறாள் என்று அங்குள்ள கிளினிக்கிலிருந்து எழுதி வரும். அதை வைத்துக்கொண்டு நான் வேறு எதை அறிவது? கடைசி வாங்கில் வேறு வேறு ஆட்கள் இருந்தார்கள். கதவைத் திறக்கும்போதெல்லாம் என் கண் முதலில் அங்கேதான் போகும்.

ஆறு மாதம் முடிந்தது. குறித்த செவ்வாய் அவள் வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. மேடத்துக்கு அப்போது மாற்றம் வந்துவிட்டது, வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறார், இன்னும் இரண்டு கிளினிக்தான் மிச்சம். அவள் அட்டையைத் தனியே எடுத்து வைத்திருந்தார். "நானா, ஒருக்கா கோல் எடுங்க" என்றார்.

அட்டையில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தேன். புருஷன் பேசினார். நல்ல மரியாதையான மனிதர். "கை நல்லம் நானா. தழும்பு மட்டும்தான் இருக்கு. வரத்தான் சொன்னேன். நேரமில்லையாம். விடிய மீன் வந்திருக்கு, வாடியில மாமியும் மருமகளும் வெட்டிக்கொண்டு நிக்கிறாங்க. குடுக்கவா?"

பதில் சொல்வதற்கு முன் போனுக்குள் ஒரு பிள்ளையின் குரல் கேட்டது, தூரத்திலிருந்து, கோபமாக, பசியில் இருக்கும்: "உம்மா." அதற்கு அவளுடைய குரல், வேலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்லுகிற குரல்: "வாறேன் மகள், வாறேன். இந்தா, இன்னும் ஒரு மீன்தான்."

"குடுக்கத் தேவையில்லை. வேலை செய்யட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

"என்ன சொல்றாங்க?" என்றார் மேடம்.

"நேரமில்லையாம் மேடம்."

மேடம் அட்டையை மூடினார். "ஹரி, சரி நானா" என்றார். "அடுத்த ஆளக் கூப்பிடுங்க."